ரேலி பிரபு: மேற்பரப்பில் ஓடிய அலை

1842இல் இங்கிலாந்தின் எசெக்ஸில் பிறந்தவர் ஜோன் வில்லியம் ஸ்ட்ரட். சிறுவயது முதலே நலிந்த உடல். 1872இல் கடுமையான வாதக் காய்ச்சல் அவரை வீழ்த்தியது. உடல் தேற மனைவியுடன் எகிப்து சென்றவர், நைல் நதிப் படகிலேயே ஒலியியல் பெருநூலை எழுதத் தொடங்கினார்.

பின்னர் கேம்பிரிஜ் கெவண்டிஷ் ஆய்வுகூடப் பேராசிரியராகி, 1882இல் அதன் வகுப்புகளை மாணவியருக்கும் திறந்துவிட்டார். 1885இல், திண்மத்தின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும் அலையொன்று உண்டெனக் கணிதத்தால் காட்டினார். ஆகன் வாயுவைக் கண்டறிந்தமைக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றார். 1919இல் மறைந்தார்.

இன்று கையடக்கத் தொலைபேசியின் வடிகட்டிகளில், சிறு பளிங்குத் துண்டின்மீது இத்தகைய மேற்பரப்பு அலை ஓடுகிறது. வந்த சைகை அங்கே அதிர்வாகி, வேண்டிய மீடிறன் மட்டும் கடந்து, மீண்டும் மின்சைகையாகிறது. அழைப்பு தெளிவாகக் கேட்கும்போது, நோயிலும் பேனாவை வைக்காத அந்த இளைஞரை நினைப்போம், சகோதரிகளே!