ரிமோட்டுக்கு ஒரு முன்னோடி: ஜெகதீஷ் சந்திர போஸ்

(இறுதியாண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலருக்கு ஒரு தலைவர் அல்லது விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது, நம்ம ராமேசுவரத்துக்காரர் அப்துல் கலாம் அவர்களைப் பற்றி எழுதத்தான் நானும் பேனாவை எடுத்தேன். விசாரித்தால், எனக்கு முன்னாலேயே நாலு பேர் அதே தலைப்பில் கொடுத்துவிட்டார்களாம்! சரி, எனக்கு ஒரு வகையில் கடன்பட்டிருக்கிற இன்னொருவரைப் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தேன். மன்னிக்கவும், தவறாக எழுதிவிட்டேன். நான்தான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்ல முதலில் ஒரு ரிமோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

போன வருஷம் மே மாதம். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது நம் கடற்கரை மாணவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். தங்கச்சிமடத்தில் ஆம்பளைகள் எல்லாரும் வீட்டில்தான். சித்தப்பா குவைத்திலிருந்து வந்தபோது கொண்டுவந்த ஹோம் தியேட்டர் ஒன்று அவர் வீட்டில் உண்டு. அதன் சொந்த ரிமோட் எப்போதோ தொலைந்து போய், ராமநாதபுரம் கடைத்தெருவில் வாங்கிய பொது ரிமோட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் ராத்திரி தெருவே படம் பார்க்க உட்கார்ந்திருக்கிறது, ரிமோட் வேலை செய்யவில்லை. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் ஒன்றும் நடக்கவில்லை. ஆளாளுக்கு வாங்கி உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார்கள். கடைசியில் எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது. டிப்ளமோ படிக்கிற பிள்ளை நான்தானே!

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியதே நான்தான். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அம்மா கருவாட்டுக் கொட்டகையில் வேலை செய்கிறவர். ரிமோட்டோடு வந்த தாள் முழுக்க ஆங்கிலம். அதை நான் எழுத்துக் கூட்டி வாசித்ததை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். அம்மா கவனித்துவிட்டார். இரண்டு நாள் மல்லுக்கட்டியும் முடியவில்லை. அதே வாரம் தேர்வு முடிவு வந்தது. எனக்கு இரண்டு அரியர். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த எனக்கு இந்தப் படிப்பு சரிவராது, தடைக்காலம் முடிந்ததும் அப்பாவோடு படகில் ஏறிவிட வேண்டியதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

சித்தப்பா விடவில்லை, ரிமோட்டைக் கொடுத்து ராமநாதபுரத்துக்கு அனுப்பினார். பழுது பார்க்கும் கடை அண்ணன் அதைத் திறந்து காட்டினார். உப்புக்காற்றும் பிசுபிசுப்பும் சேர்ந்து ரப்பர் பொத்தான் ஒன்று உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் யாரோ விடாமல் அதை அமுக்கிக்கொண்டே இருப்பதாக உள்ளேயிருக்கும் சிப் நினைத்துக்கொண்டது. அப்புறம் நாம் எதை அமுக்கினாலும் அது கேட்காது. சுத்தம் செய்துகொண்டே அவர் ஒரு விஷயம் சொன்னார். தூரத்திலிருந்து ஒரு கருவியை ஏவுகிற வித்தையை நம் நாட்டில் முதலில் காட்டியவர் ஒரு வங்காளி, அவர் காலத்திலும் வாங்கும் கருவி இப்படித்தான் ஒட்டிக்கொள்ளும், தட்டிக்கொடுத்தால்தான் மீளும் என்றார். அந்த வங்காளியைத் தேடித்தான் மறுநாள் நூலகத்துக்குப் போனேன்.

மீனவர் மகனுக்குப் பக்கத்தில் ஒரு சிறுவன்

ஜெகதீஷ் சந்திர போஸ் பிறந்தது 1858 நவம்பர் 30. ஊர் மைமன்சிங், இன்று வங்கதேசத்தில் உள்ளது. தந்தை பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் உயர் பதவியில் இருந்தவர். நினைத்திருந்தால் மகனை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்திருக்கலாம். ஆனால் பிள்ளை முதலில் தாய்மொழியையும் சொந்த மக்களையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வங்காளிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே போஸுக்கு ஒரு பக்கத்தில் தந்தையின் முஸ்லிம் பணியாளர் மகன். இன்னொரு பக்கத்தில் ஒரு மீனவரின் மகன். அந்தப் பையன்கள் சொன்ன பறவை, விலங்கு, நீர்வாழ் உயிர்களின் கதைகள்தான் இயற்கையை ஆராயும் ஆசையைத் தமக்குள் விதைத்தன என்று பிற்காலத்தில் போஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கல்கத்தாவில் ஹேர் பள்ளி, புனித சேவியர் பள்ளி, அதே பெயரில் கல்லூரி. 1880-இல் மருத்துவம் படிக்க இங்கிலாந்து போனார். காய்ச்சல் விடாமல் வாட்டியதால் மருத்துவத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. மனம் உடைந்து ஊர் திரும்பவில்லை. கேம்பிரிட்ஜில் அறிவியல் படிப்பில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் புகழ்பெற்ற இயற்பியல் அறிஞர் ரேலி பிரபு.

அவருக்கும் அரியர் உண்டு!

1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு மூன்று ரூபாய் என்றால் இந்தியருக்கு இரண்டு ரூபாய் என்பது அன்றைய விதி. போஸின் பதவி தற்காலிகம் என்று காரணம் காட்டி அதிலும் பாதியைக் குறைத்தார்கள். ஆக, ஒரே வேலைக்கு மூன்றில் ஒரு பங்குச் சம்பளம்! போஸ் வேலையை விடவில்லை, வகுப்பையும் புறக்கணிக்கவில்லை. சம்பளத்தை மட்டும் தொட மறுத்துவிட்டார். ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல, மூன்று வருஷம். வீட்டிலோ தந்தைக்குப் பெருங்கடன். இந்த நிலையில்தான் 1887-இல் அபலா அம்மையாரை மணந்தார். கல்கத்தாவில் பெண்களுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காததால் நம் சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தவர் அந்த அம்மையார். கடைசியில் நிர்வாகம் இறங்கிவந்தது. வேலையை நிரந்தரமாக்கி, முழுச் சம்பளத்தையும் முன்தேதியிட்டுக் கொடுத்தது. வந்த பாக்கியில் தந்தையின் கடனை அடைத்தார். அரியர் என்ற சொல்லுக்கு இப்படி ஒரு அர்த்தமும் இருக்கிறது நண்பர்களே! பணிந்து போகாமலும், விட்டு ஓடாமலும், தினமும் வகுப்புக்குப் போய்க்கொண்டே வசூலித்த அரியர் அது.

குளியலறை ஆய்வுக்கூடம்

ஆராய்ச்சிக்கென்று கல்லூரியில் அவருக்குக் கிடைத்தது, குளியலறையை ஒட்டி இருந்த 24 சதுர அடி இடம். உதவிக்கு இருந்தவர் பயிற்சி இல்லாத ஒரு தகர வேலைக்காரர். 1894-இல் தம் 36-ஆம் வயதில் இந்த வசதியை வைத்துக்கொண்டுதான் மின்காந்த அலை ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் சில ஆண்டுகளுக்கு முன் உண்டாக்கிக் காட்டிய அலைகள் அரை மீட்டருக்கும் அதிக நீளம். போஸ் அதை 5 மில்லிமீட்டர் வரை குறுக்கினார். அலை குறுகினால் கருவியும் மேசைமேல் அடங்கும் அளவுக்குச் சிறிதாகும் அல்லவா! ரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கிடையே தகரத்தாள் செருகியும், சணலை முறுக்கியும் அவர் செய்த சோதனைக் கருவிகளை இன்றைக்கும் விஞ்ஞானிகள் வியந்து பேசுகிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் சாமான் இல்லை என்று சாக்குச் சொல்கிற நமக்கு இது ஒரு பாடம்!

1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில் அந்த அதிசயம் நடந்தது. ஓர் அறையில் போஸின் கருவி அலையை அனுப்பியது. சுமார் 75 அடிக்கு அப்பால் மணி அடித்தது, வெடிமருந்து வெடித்தது. நடுவில் கம்பி கிடையாது. சுவர்கள் இருந்தன. அலை போகும் பாதையில் வங்காளத்தின் துணைநிலை ஆளுநரும் இருந்தார். அலை அவர் உடம்பையும் கடந்து போனதாம்! ஒரு பக்கம் ஏவும் கருவி, மறுபக்கம் கேட்டு நடக்கும் கருவி. ரிமோட்டின் அடிப்படை இதுதானே! அமெரிக்காவில் டெஸ்லா அலையால் படகோட்டிக் காட்டியது இதற்குப் பிறகு 1898-இல்தான்.

நம் மண்ணுக்கும் இந்த வரலாற்றில் ஓர் ஒற்றுமை உண்டு. 1897 ஜனவரி 26 அன்று சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டுப் பயணம் முடித்து பாம்பனில் கரையிறங்கினார், பாஸ்கர சேதுபதி மன்னர் வரவேற்றார். குந்துகாலில் அதன் நினைவிடத்தை நாம் பார்த்திருக்கிறோம். அதற்கு மூன்றாம் நாள், ஜனவரி 29 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் போஸ் தம் கருவியை ஆங்கில அறிஞர்கள் முன் இயக்கிக் காட்டினார். 1900-இல் பாரிஸ் இயற்பியல் மாநாட்டில் போஸ் பேசியதை அங்கே சென்றிருந்த விவேகானந்தர் கண்டு பெருமைப்பட்டார்.

தட்டாமலே மீளும் கருவி

இனித்தான் கடைக்கார அண்ணன் சொன்ன விஷயம் வருகிறது. அந்தக் காலத்தில் அலையை வாங்க கோஹிரர் என்றொரு கருவி. கண்ணாடிக் குழாயில் உலோகத் தூள் இருக்கும். சாதாரணமாக மின்சாரத்தை விடாது. அலை வந்து பட்டதும் தூள் ஒன்றோடொன்று ஒட்டி மின்சாரத்தை விட்டுவிடும். மணி அடிக்கும். சரி, அடுத்த அலை வந்தால்? தூள்தான் ஒட்டிக்கொண்டு கிடக்கிறதே! குழாயைத் தட்டி உதிர்த்தால்தான் அடுத்த சேதியைக் கேட்கும். நாம் ரிமோட்டை உள்ளங்கையில் தட்டுகிற மாதிரிதான்.

போஸ் இந்தத் தொல்லையோடு பல மாதம் போராடினார். எந்த உலோகம் ஒட்டுகிறது, எது தானே விடுகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். இரும்பும் பாதரசமும் சேர்ந்த, தானே பழைய நிலைக்குத் திரும்பும் கருவியை 1899-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அறிவித்தார். தட்ட ஆள் வேண்டாம்! 1901-இல் மார்க்கோனி அட்லாண்டிக் கடல் தாண்டி வந்த சேதியைக் கேட்டது இந்த வகைக் கருவியில்தான் என்று ஆய்வாளர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள்.

அடுத்து கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தை வாங்கியாகப் பயன்படுத்தினார். அது மின் அலையை மட்டுமல்ல, ஒளியையும் உணர்ந்தது. இதற்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை எண் 755840 கிடைத்தது. அதற்கும் நண்பர்கள் வற்புறுத்த வேண்டியிருந்தது. கண்டுபிடிப்பை விற்றுப் பணம் பண்ணுவதில் அவருக்கு விருப்பமில்லை. நமது ஹோம் தியேட்டரின் முகப்பில் கறுப்பாக ஒரு கண் இருக்கிறதே, அதுவும் ஒளியை உணரும் ஒரு குறைகடத்திதான். ரிமோட்டிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளியின் அலைநீளம் பெரும்பாலும் 940 நானோமீட்டர். அது விநாடிக்குச் சுமார் 38,000 முறை துடித்து, சங்கேதமாகக் கட்டளையைச் சொல்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாது, அந்தக் கண்ணுக்குத் தெரியும்.

உலோகமும் களைக்கிறது, ஓய்வு கொடுத்தால் மீள்கிறது என்று கண்ட போஸ், செடிகொடிகள் பக்கம் திரும்பினார். அவற்றின் நுண்ணிய வளர்ச்சியைப் பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியைச் செய்தார். மேல்நாட்டு உடலியல் அறிஞர்கள் எதிர்த்தார்கள். கருவியோடு மீண்டும் மீண்டும் கடல் கடந்து போய் நேரில் காட்டினார். 1917-இல் சர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு தம் பிறந்த நாளில் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிலையத்தை நிறுவினார். 1920-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1937 நவம்பர் 23 அன்று கிரிடியில் அவர் உயிர் பிரிந்தது. அவர் உண்டாக்கிய மில்லிமீட்டர் அலைகளில்தான் இன்றைய 5ஜி தொழில்நுட்பத்தின் ஒரு பகுதி இயங்குகிறது.

நண்பர்களுக்கு ஒரு செய்முறை

கடை அண்ணனிடம் கற்றதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

1. ரிமோட்டின் முனையை செல்போன் கேமரா முன் நீட்டி, ஒரு பொத்தானை அமுக்குங்கள். திரையில் வெளிச்சம் தெரிந்தால் ரிமோட் பேசுகிறது என்று அர்த்தம். சில போனில் பின்பக்கக் கேமராவில் தெரியாது, முன்பக்கத்தில் பாருங்கள். ஒரு பொத்தானையும் தொடாமலே துடித்தால் ஏதோ ஒட்டியிருக்கிறது.

2. பேட்டரியைக் கழற்றி, எல்லாப் பொத்தானையும் ஒரு நிமிஷம் மாற்றி மாற்றி அமுக்குங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்னூட்டம் வடிந்து சிப் புதிதாகத் தொடங்கும். ஹோம் தியேட்டரின் பிளக்கையும் சில நிமிஷம் பிடுங்கி வையுங்கள்.

3. ஸ்பிரிங்கில் உப்புத் துரு இருந்தால் துடைத்துவிட்டுப் புது பேட்டரி போடுங்கள்.

4. பொது ரிமோட் என்றால் பழைய சங்கேத எண் அழிந்திருக்கலாம். பெரும்பாலும், செட் பொத்தானை விளக்கு நிலையாக எரியும்வரை அமுக்கிப் பிடித்து, தாளில் உங்கள் கம்பெனிக்கு உள்ள எண்ணைப் போட வேண்டும். விளக்கு அணைந்ததும் பவர் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். இயங்காவிட்டால் அடுத்த எண்.

சித்தப்பா வீட்டு ஹோம் தியேட்டர் நாலாவது எண்ணில் பாடியது. தெருவே கைதட்டியது. ஆனால் அன்று எனக்குள் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. நானும் ஒட்டிப்போன தூளாகத்தான் கிடந்தேன். யாராவது தட்டமாட்டார்களா என்று காத்திருந்தேன். மீனவர் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாய்மொழியில் படித்த ஒருவர், தட்டாமலே மீள ஒரு கருவி செய்தார் என்று தெரிந்தபின் அப்படிக் காத்திருக்க வெட்கமாக இருந்தது.

தடைக்காலம் முடிந்தது, அப்பா படகுக்குப் போனார். நான் கல்லூரிக்கு வந்தேன். ஒரு அரியரை முடித்துவிட்டேன். இன்னொன்று பாக்கி இருக்கிறது. அதையும் வசூலித்தே தீருவேன்.