இருளிலும் விசுவசித்த சிறுமலர்

பிரான்ஸ் நாட்டில் 1873ஆம் ஆண்டு பிறந்த புனித குழந்தை தெரேசம்மாள், 15 வயதிலே லிசியே கார்மேல் மடத்தில் சேர்ந்தார். கடவுள் இல்லை என்போர் தம் மனதுக்கு மாறாகவே பேசுகிறார்கள் என அவர் எண்ணியிருந்தார்.

1896ஆம் ஆண்டுப் பாஸ்காக் காலத்தில், சயரோகத்தோடு மற்றொரு சோதனையும் வந்தது. மோட்சம் உண்டென்ற எண்ணமே அவருள் இருண்டுபோயிற்று. விசுவாசமற்றோர் மெய்யாகவே உண்டென்பதை அப்போது உணர்ந்தார். அவர்களை இகழாமல், சகோதரராகக் கருதித் தம் வேதனையை அவர்களுக்காக ஒப்புக்கொடுத்தார். விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சிலே வைத்துக்கொண்டார். ஏறக்குறைய 18 மாதங்கள் அவ்விருளோடு போராடி, 1897 செப்டெம்பர் 30ஆம் திகதி, 24 வயதில் இறைவனடி சேர்ந்தார்.

திருச்சபை அவரை 1925இல் புனிதராகவும், 1997இல் மறைவல்லுநராகவும் உயர்த்தியது.

நம் வீட்டுப் பிள்ளை பூசைக்கு வர மறுத்தால், ஏசுமுன் இப்புனிதையை நினைப்போம்; அப்பிள்ளைக்காகச் செபிப்போம்.