ஓய்வு கேட்ட இருதயம்

1918-ஆம் ஆண்டில், காவியங்கி தரித்த பஞ்சாப் இளைஞர் ஒருவர் சென்னைக்கு வந்தார். தமிழ் அறியாதவர், மொழிபெயர்ப்பாளரை அருகில் நிறுத்திக்கொண்டு பேசினார். ஆயினும் ஜனங்கள் திரண்டு வந்து கேட்டார்கள். தென்னாட்டிலிருந்து இலங்கை, பர்மா, மலேயா, சீனா, ஜப்பான் என்று பயணம் நீண்டது. அவர்தாம் சாது சுந்தர் சிங்.

லூதியானா பக்கத்து ராம்பூரில், 1889 செப்டம்பர் 3-ஆம் தேதி, வசதியுள்ள சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். 16-வது பிறந்த நாளில் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த மாதமே காவி உடுத்து நடக்கத் தொடங்கினார். லாகூரில் போதகர் படிப்புக்குச் சேர்ந்தும், ஒரு சபைக்குள் அடங்கி நிற்க மனம் ஒப்பவில்லை. இமயத்தைத் தாண்டித் திபெத்துக்குப் போவதே அவருடைய தாகம்.

1920-இல் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, 1922-இல் ஐரோப்பா. நாள் தவறாமல் கூட்டம், நள்ளிரவு கடந்தும் ஜெபம். ஊர் திரும்பியபோது சரீரம் தளர்ந்துவிட்டது. உட்கார்ந்து உண்டு கொழுத்தவரல்லர். மலை மலையாக நடந்தவர். அவருக்கே முப்பது வயதுகளில் மாரடைப்பு கண்டது. கண் மங்கியது, வயிற்றில் புண் வேறு.

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஊர் ஊராய்ப் போகும் போதகருக்கு இது புதுக்கதையல்ல. ஞாயிறன்று அடுத்தடுத்து ஆராதனை. பிறகு சாவு வீடு, கல்யாண வீடு. ஜெபக்கூட்டம் முடிந்து இரவு பத்து மணிக்குச் சாப்பாடு. போகிற வீட்டிலெல்லாம் சர்க்கரை போட்ட காபி. வேண்டாமென்றால் வீட்டார் மனம் கோணும். எல்லார் கவலையையும் கேட்கிறவர் தம் கவலையை யாரிடம் சொல்வார்? இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, கொழுப்பு, புகையிலை, தூக்கக் குறைவு எல்லாம் இருதயத்துக்குப் பகை என்று இன்று வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். கொதிப்பை அடக்க மாத்திரையும் உண்டு. சாதுவின் நாளில் அது இல்லை. படுத்து ஓய்வெடுப்பதே அன்றைய பெரிய சிகிச்சை. அவருக்கு ஒவ்வாத மருந்தும் அதுதான்.

சிம்லா மலைப்பக்கத்துச் சுபாத்துவில் வீடு வாங்கித் தங்கினார், புத்தகங்கள் எழுதினார். 1927-இல் மீண்டும் திபெத்துக்குப் புறப்பட்டு, வழியில் இரத்தம் கக்கித் திரும்ப நேர்ந்தது. அதன் பிறகாவது அடங்கியிருக்கலாம். 1929 ஏப்ரலில், 39 வயதில், மறுபடியும் கிளம்பிவிட்டார். நண்பர்கள் தேடிப் போயும் தடயமில்லை. 1933-இல் அரசாங்கம் அவரை இறந்தவராகக் கருதியது. மலையில் அவரை வீழ்த்தியது பனியா, நோயா, இருதயமா என்று சொல்லச் சாட்சி எவருமில்லை.