வில்லியம் மக்யூவன்

மண்டையோடு மூளைக்கு இயற்கை அமைத்த அரணாகும். ஆயினும் சில வேளைகளில் அவ்வரணே அதற்குப் பகையாய் முடிகிறது. தலையில் அடிபட்டு உள்ளே குருதி கசியுமாயின், அது வெளியேற வழியின்றித் தேங்கி உறையும். எலும்பு நெகிழ்ந்து இடங்கொடாமையால் மென்மையான மூளை நசுங்கும். குருதியை விரைந்து வெளியேற்றாவிடின் உயிர்க்கே இறுதி நேரக்கூடும். மண்டையைத் துளைக்கும் தொழிலைப் பண்டையோரும் அறிந்திருந்தனர். புறத்தே காயம் காணாதபோது எவ்விடத்தில் துளைப்பது என்பதே அவர்கட்கு விளங்கவில்லை.

இருளில் கிடந்த இவ்வழியில் விளக்கேற்றியவருள் ஒருவர், ஸ்காட்லாந்து நாட்டு அறுவை மருத்துவராகிய வில்லியம் மக்யூவன். அவர் 1848-ஆம் ஆண்டில் பியூட் தீவில் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் லிஸ்டர் என்னும் பேராசிரியரிடம் பயின்று, புண்களைச் சீழ்பிடியாமற் காக்கும் முறையைக் கற்றார்.

1876-ஆம் ஆண்டில் ஒரு சிறுவன் அவரிடம் மருத்துவம் பெற்றான். அவனுக்கு வலிப்புக் கண்டது, பேச்சும் தடைப்பட்டது. பேச்சிற்குரிய பகுதி மூளையின் இடப்புற முன்பகுதியில் உள்ளது என்பதைப் பிரான்சு நாட்டுப் புரோக்கா 1861-இலேயே காட்டியிருந்தார். ஆதலின் சீழ்க்கட்டி அவ்விடத்தில்தான் இருத்தல் வேண்டும் என்று மக்யூவன் துணிந்து, அறுவை செய்ய இசைவு வேண்டினார். உற்றார் அஞ்சி மறுத்தனர். அந்நாளில் மூளையைத் திறப்பது என்றால் யார்தாம் அஞ்சார்? சிறுவன் மாண்டான். இறந்தபின் அவன் உடலில் அதே அறுவையைச் செய்து பார்த்தபொழுது, மக்யூவன் குறித்த இடத்திலேயே கட்டி இருந்தது. அறிவு வென்றது, உயிரோ போய்விட்டது.

மூன்றாண்டுகள் கழிந்தன. 1879-இல் தலையில் அடிபட்ட மற்றொரு சிறுவனைக் கொணர்ந்தனர். அவன் உடலின் ஒருபுறம் மட்டும் வலிப்பால் துடித்தது. மூளையின் ஒருபாதி உடலின் மறுபாதியை இயக்குவது. ஆகவே துடிக்கும் புறத்திற்கு எதிர்ப்புறத்தில், அவ்வுறுப்புகளை ஆளும் இடத்தில், குருதி தேங்கியுள்ளது எனத் தேர்ந்தார். மண்டையின் உள்ளே நோக்கிக் காட்டும் கருவி எதுவும் அன்று இல்லை. எக்ஸ் கதிர்களே 1895-இல்தான் கண்டறியப்பட்டன. உடலின் குறிகளையே துணையாகக் கொண்டு எலும்பைத் துளைத்து, மூளையுறையைக் கீறி, உறைந்த குருதியை வெளியேற்றினார். சிறுவன் பிழைத்தான்.

பின்னர் மக்யூவன் தம் பட்டறிவையெல்லாம் திரட்டி 1893-இல் ஒரு நூலாக வெளியிட்டார். மூளைச் சீழ்க்கட்டிக்காகத் தாம் அறுவை செய்த 19 பேருள் 18 பேர் நலம் பெற்றதை அதில் பதிந்துள்ளார். 1902-இல் 'சர்' பட்டம் பெற்ற அவர், 1924-ஆம் ஆண்டில் மறைந்தார்.