பாலபாடஞ் செய்த நோவா வெப்ஸ்டர்

ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகளின் மேசைமீது வெப்ஸ்டர் என்னும் பெயர் பொறித்த அகராதி ஒன்று இருத்தல் உண்டு. அப்பெயருக்குரியவர் அகராதி செய்யப் புகுமுன் இயற்றிய பெரும்பணி யாது என்பதை நம்மவரிற் பலர் அறியார். ஒரு தேசம் விடுதலை பெற்ற காலத்திலேயே, அவ்விடுதலையின் பொருளை அதன் சிறுவர்க்கு எவ்வாறு ஊட்டுவது என்று கவலையுற்றவர் அவர். ஆதலின் அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி எழுதத் துணிந்தோம்.

நோவா வெப்ஸ்டர் 1758-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 16-ஆம் தேதி, அமெரிக்காவில் கனெக்டிகட் பிரதேசத்து வெஸ்ட் ஹார்ட்போர்டில் ஓர் உழவர் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் தம் நிலத்தை ஈடுவைத்து மைந்தரை யேல் கலாசாலைக்கு அனுப்பினார். அவர் அங்குப் பயிலும்போதே இங்கிலாந்தோடு யுத்தம் மூண்டது. 1778-இல் பட்டம் பெற்று வீடு திரும்பிய மகன் கையில் தந்தையார் எட்டு டாலர்க் காகிதப்பணத்தைக் கொடுத்து, இனி அவர் பிழைப்பை அவரே தேடிக்கொள்ளுமாறு சொல்லிவிட்டார். அந்தத் தாளின் மதிப்போ யுத்தத்தால் பாதியளவிற்குக் குன்றியிருந்தது. நிலத்தை ஈடுவைத்துப் படிப்பித்த குடும்பங்கள் நம்முள்ளும் பல உளவாகலின், அத்தந்தையை நாம் குறைகூறோம்.

வெப்ஸ்டர் உபாத்தியாயரானார். அக்காலத்துப் பள்ளிகளில் டில்வொர்த் என்னும் ஆங்கிலேயர் எழுதிய பாலபாடமே பெரிதும் வழங்கிற்று. அமெரிக்கச் சிறுவர் அதில் இங்கிலாந்தின் ஊர்ப்பெயர்களை எழுத்துக்கூட்டிக் கற்றனர். அரசனின் ஆட்சியை உதறிய மக்கள், தம் மக்களின் நாவை மட்டும் அவ்வரசன் நாட்டிற்கே விட்டுவைப்பதா என்று வெப்ஸ்டர் உளம் புழுங்கினார். 1783-இல் தாமே ஒரு பாலபாடம் வெளியிட்டார். அதில் அமெரிக்க ஊர்களின் பெயர்கள் இடம்பெற்றன. 1784-இல் இலக்கணமும் 1785-இல் வாசகபுத்தகமும் தொடர்ந்தன. வாசகத்தின் பிற்பதிப்புகளில் அமெரிக்காவின் சரித்திரமும் பூகோளமும், புரட்சிக்காலத்துத் தலைவர்களின் பிரசங்கங்களும் சேர்க்கப்பட்டன.

1790-இல் வெளிவந்த சிறுநூலொன்று நம் கருத்தை மிகவுங் கவர்வது. கிறிஸ்தவ ஆலயங்களிற் பாலர்க்கு மதபோதனை வினாவிடையாக நடைபெறும். அம்முறையிலேயே புதிய அரசியலமைப்பை வெப்ஸ்டர் போதித்தார். அரசியலமைப்பாவது யாது, முடியாட்சிக்கும் குடியாட்சிக்கும் வேற்றுமை யாது, பிரதிநிதிகளைத் தெரிந்தெடுப்பது ஏன் என்னும் இவை பள்ளிச் சிறுவரை நோக்கி எழுந்த வினாக்கள். அந்நூலிலேயே அடிமை வியாபாரத்தின் கொடுமையை விளக்கும் கதைகளும் உண்டு. மனனஞ் செய்வதால் பொருள் விளங்கிவிடுமோ என்று வினவுவார் உளர். விளங்காதுதான், ஆயினும் நெஞ்சிற் பதிந்த சொல் என்றேனும் ஒருநாள் தன் பொருளைத் தேடும்.

தம் நூலைப் பிறர் திருட்டுத்தனமாய் அச்சிடாதபடி சட்டம் வேண்டி அவர் மாகாணந்தோறும் அலைந்தார். சென்ற ஊர்களில் வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணிக் குறித்துக்கொள்வது அவர் வழக்கமாம்! தற்பெருமையும் பிடிவாதமும் மிக்கவர் என்று நண்பரும் நொந்துகொண்டனர். பாலபாடமோ நீலநிற அட்டையோடு கோடிக்கணக்கில் விற்பனையாயிற்று. 1828-இல், எழுபதாம் பிராயத்தை எய்துங் காலத்தில், 70,000 சொற்கள் கொண்ட அகராதியை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். 1843-ஆம் வருஷம் மே மாதம் 28-ஆம் தேதி நியூ ஹேவனில் காலஞ்சென்றார்.

மற்றொன்றையும் மறைக்காது கூறல் வேண்டும். 1793-இல் அடிமைத்தனத்தைக் கண்டித்துத் தனிநூல் எழுதிய வெப்ஸ்டர், முதுமையில் பாமர ஜனங்களின் ஆட்சியை ஐயுற்றார். அடிமைகளை உடனே விடுவிக்க வேண்டுமென்று கிளர்ந்தாரையும் வெறுத்தார். பாலர்க்குத் தாம் கற்பித்த சுதந்தரத்தின் எல்லையை அவரே சுருக்கிக்கொண்டார். புத்தகமோ ஆசிரியருக்கு அடங்கி நிற்கவில்லை. பால்டிமோர் நகரில் பிரெடரிக் டக்ளஸ் என்னும் அடிமைச் சிறுவர் வெப்ஸ்டர் பாலபாடத்தைச் சட்டைப்பையில் இட்டுத் திரிந்தார். பசித்த வெள்ளைச் சிறுவர்க்கு ரொட்டியைக் கொடுத்து அவர்களிடம் பாடங் கேட்டார். தென்மாகாணங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்தறிவித்தலே குற்றமாயிருந்த காலம் அது. 1838-இல் தப்பியோடி விடுதலைபெற்ற அவரே, 1852-இல் ராச்செஸ்டர் நகரில், தேசத்தின் சுதந்தரத் திருநாள் அடிமைக்கு என்ன பொருள்படும் என்று வெள்ளையர் சபையை நேர்நின்று வினவினார். சுதந்தரப் பிரகடனத்தின் பொருளை அத்தேசத்தார்க்கு அவ்வளவு ஆழமாகப் போதித்த உபாத்தியாயர் சிலரே என்போம்.

உள்நாட்டு யுத்தம் 1865-இல் முடிந்து அடிமைகள் விடுபட்டபின், மேற்கு வர்ஜீனியாவில் உப்புக்காய்ச்சும் உலையில் வேலைசெய்த புக்கர் வாஷிங்டன் என்னும் சிறுவர் படிப்பில் ஆசைகொண்டார். அவர் தாயார்க்கு எழுத்து வாசனையே இல்லை. எங்கிருந்தோ அந்நீலநிறப் புத்தகத்தின் பழைய பிரதியொன்றைத் தேடிக் கொணர்ந்து மகன் கையிற் கொடுத்தார். கற்பிக்கச் சுற்றுப்புறத்தில் அவ்வினத்தார் ஒருவரும் இல்லாமையால், சிறுவர் தாமே எழுத்துக்களை ஒவ்வொன்றாக அறிந்துகொண்டார்.