இரண்டு கடைகள், இரண்டு கட்சிகள்!

கோவேறு கழுதையால் உயிர் தப்பியவர் ஒருவர் உண்டு. அவர்தான் அமெரிக்கக் கணித மேதை ஹெரால்ட் ஹோட்டலிங். முதல் உலகப் போரின்போது ராணுவத்தில் கோவேறு கழுதைகளைப் பராமரிக்கும் வேலை அவருக்கு. ‘டைனமைட்’ என்ற முரட்டுக் கழுதை அவர் காலை முறித்துவிட்டது. அவருடைய படைப் பிரிவு பிரான்சுக்குப் போயிற்று, அவர் பின்தங்கினார். அந்தக் கழுதைதான் தம்மைக் காப்பாற்றியது என்று பிற்காலத்தில் அவர் கருதினார்.

ஹோட்டலிங் 1895-ல் மின்னசோட்டா மாகாணத்தில் பிறந்தார். தந்தை குதிரைகளுக்கு உலர்புல் விற்றவர். மோட்டார் வந்தது, குதிரை போயிற்று, வியாபாரம் படுத்தது. குடும்பம் சியாட்டில் நகரில் குடியேறியது. மகன் பத்திரிகைத் தொழில் படித்து, 1919-ல் பட்டம் பெற்றார். அவரிடம் இருந்த கணிதத் திறமையைக் கண்டு அந்தப் பக்கம் திருப்பியவர் பேராசிரியர் எரிக் டெம்பிள் பெல். 1924-ல் பிரின்ஸ்டன் சர்வகலாசாலை ஹோட்டலிங்குக்கு டாக்டர் பட்டம் அளித்தது.

1929-ல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒன்று புகழ் பெற்றது. விஷயம் இதுதான்:

ஒரு நீண்ட தெரு. ஒரே சரக்கை ஒரே விலைக்கு விற்கும் இரண்டு கடைகள். தெருவின் கால் பங்கில் ஒன்றும் முக்கால் பங்கில் ஒன்றும் இருந்தால் ஜனங்களுக்குச் சௌகரியம். ஆனால் வியாபாரி சும்மா இருப்பானா? கொஞ்சம் நடுவே நகர்ந்தால் எதிராளியின் வாடிக்கைக்காரர்களில் சிலர் வருவார்கள். எதிராளியும் நகர்வான். கடைசியில் இரண்டு கடைகளும் நடுத்தெருவில் ஒட்டி நிற்கும். தெருக்கோடியில் இருப்பவன்பாடுதான் திண்டாட்டம்!

ரிபப்ளிகன், டெமாக்ரடிக் கட்சிகளின் கொள்கைகள் ஒன்றுபோல் ஆவதும் இதனால்தான் என்று அவர் காட்டினார். 1957-ல் ஆண்டனி டவுன்ஸ் இதை விரித்துத் தனி நூலே எழுதினார்.

ஆனால் கட்சிகள் பல, பிரச்னைகள் பல என்றால்? அது பென்சிலுக்கு எளிதில் அடங்காத கணக்கு. 1992-ல் கோல்மன், மில்லர், பேஜ் என்ற மூவர் கம்ப்யூட்டருக்குள்ளேயே வாக்காளர்களையும் இரு கட்சிகளையும் படைத்து, பல பிரச்னைகளை வைத்துத் தேர்தல் நடத்திப் பார்த்தனர். வாக்காளர் மனத்தை முழுதும் அறியாமல் தட்டித் தடவிச் சென்ற கட்சிகளும் நடுப்பக்கமே சேர்ந்தன. 2005-ல் மைக்கேல் லேவர் பல கட்சிகளை மோதவிட்டார். வோட்டுக் கூடினால் அதே வழி, குறைந்தால் வேறு வழி என்ற எளிய யுக்தியே நன்றாகப் பலித்தது. அப்படி வோட்டு வேட்டையாடிய கட்சிகள் நடுவை நாடின. ஆனால் நட்டநடுவில் போய் நிற்கவில்லை!

ஹோட்டலிங் மற்றவர்களையும் வளர்த்தார். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி வந்த ஆபிரகாம் வால்டுக்குக் கொலம்பியாவில் இடம் தேடித் தந்தார். கென்னத் ஆரோவைப் பொருளாதாரத்தின் பக்கம் திருப்பினார். ஆரோ 1972-ல் நோபல் பரிசு பெற்றார். ஹோட்டலிங் பணியாற்றிய வட கரோலினா சர்வகலாசாலைக்கு 1949-ல் கல்கத்தாவிலிருந்து ஆர். சி. போஸ் பேராசிரியராக வந்தார். ஹோட்டலிங் 1973 டிசம்பரில் காலமானார்.

கடைகளும் கட்சிகளும் நடுவில் நெருக்கியடிக்கும்போது, தெருக்கோடிக்காரன் எவ்வளவு தூரம் நடக்கிறான் என்றும் அவர் கணக்குப் பார்த்தார். வோட்டுப் போடும் நாம் மறக்கக் கூடாத கணக்கு அது.