கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி

கல்லிடைக்குறிச்சி ஐயா நீலகண்ட சாஸ்திரி (ஆகஸ்டு 12, 1892 - ஜூன் 15, 1975) தென்னிந்திய வரலாற்று ஆய்வின் முன்னோடிகளுள் ஒருவர் ஆவார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாறு மற்றும் தொல்லியல் துறையின் பேராசிரியராக 17 ஆண்டுகள் பணியாற்றினார். கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு இவர் எழுதிய நூல்கள், பட்டப்படிப்பில் வரலாறு பயின்ற பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூல்களாகவும் பார்வை நூல்களாகவும் விளங்கின. இந்திய அரசு 1957 ஆம் ஆண்டில் இவருக்குப் பத்ம பூசண் விருது வழங்கியது.

கல்வி

இவர் திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிக் கரையிலுள்ள கல்லிடைக்குறிச்சியில் பிறந்தார். திருநெல்வேலி இந்துக் கல்லூரியிலும், பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். முதுகலைத் தேர்வில் சென்னை மாகாணத்தில் முதலிடம் பெற்றார்.

ஆசிரியப் பணி

1913 முதல் 1918 வரை தாம் பயின்ற திருநெல்வேலி இந்துக் கல்லூரியிலேயே விரிவுரையாளராகப் பணியாற்றினார். 1918 ஆம் ஆண்டில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியரானார். அங்கு இரண்டாண்டுகள் பணிபுரிந்தபின் தமிழகம் திரும்பி, 1920 ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் நிறுவப்பட்ட மீனாட்சி கல்லூரியின் முதல்வர் பொறுப்பை ஏற்றார். இக்கல்லூரியே 1929 ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அக்காலத்தில் சிதம்பரம், விழுப்புரம், திண்டிவனம் ஆகிய மூன்று ஊர்களும் தென்னார்க்காடு மாவட்டத்திலேயே இருந்தன. விழுப்புரத்தைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டம் 1993 ஆம் ஆண்டில்தான் பிரிக்கப்பட்டது.

1929 ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி தேசியக் கல்லூரியில் சிறிது காலம் பணியாற்றினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாறு மற்றும் தொல்லியல் துறை 1914 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டிருந்தது. அதன் முதற் பேராசிரியரான சா. கிருஷ்ணசுவாமி ஐயங்கார் ஓய்வு பெற்றதும் அவ்விடத்திற்கு நீலகண்ட சாஸ்திரி 1929 இல் தெரிவு செய்யப்பட்டு, 1946 வரை பணிபுரிந்தார். பல்லவர் ஆட்சிமுறை குறித்து ஆராய்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதற் பெண்ணாகிய சி. மீனாட்சி இவருடைய மாணவர் ஆவார்.

பின்னர் 1952 முதல் 1955 வரை மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் பேராசிரியராக இருந்தார். தென்கிழக்கு ஆசியாவின் மரபுவழிப் பண்பாடுகளை ஆராய யுனெஸ்கோ ஆதரவுடன் சென்னையில் இயங்கிய நிறுவனத்தின் இயக்குநராக 1957 முதல் 1972 வரை பணியாற்றினார்.

வரலாற்றுப் பணி

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட இந்திய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கங்கைச் சமவெளியில் எழுந்த பேரரசுகளையே மையமாகக் கொண்டிருந்தன. தென்னாட்டு அரசுகள் அந்நூல்களில் சில பக்கங்களில் அடங்கின. மறுபுறம், கல்வெட்டுத் துறையினர் தென்னாட்டுக் கோயில்களிலிருந்து ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளைப் படியெடுத்து, அவற்றின் சுருக்கங்களை ஆண்டறிக்கைகளாக வெளியிட்டு வந்தனர். இவ்வறிக்கைகளைத் தொகுத்து ஆராய்ந்து, மாணவர் தொடர்ச்சியாகப் படித்தறியக்கூடிய வரலாறாக ஆக்கியதே இவருடைய முதன்மையான பணியாகும்.

பாண்டியர் வரலாற்றைக் கூறும் இவரது நூல் 1929 இல் வெளிவந்தது. சோழர்களைப் பற்றிய பெருநூல் 1935, 1937 ஆம் ஆண்டுகளில் வெளியாகி, 1955 இல் திருத்தப்பட்ட பதிப்பைக் கண்டது. அரசர்களின் போர்களுடன் நில்லாமல் ஊராட்சி, வரி, வேளாண்மை, வணிகம், கல்வி, சமயம், கலை ஆகியவற்றையும் இந்நூல் தனித்தனி இயல்களில் விளக்குகிறது.

எண்ணாயிரம் கல்லூரி

சோழர் காலக் கல்வியைப் பற்றி இவர் எழுதிய பகுதியில் விழுப்புரம் வட்டாரம் சிறப்பிடம் பெறுகிறது. விழுப்புரத்திற்கும் செஞ்சிக்கும் இடையிலுள்ள எண்ணாயிரம் என்னும் ஊரின் பெருமாள் கோயிலில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்தைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று 1917 ஆம் ஆண்டில் படியெடுக்கப்பட்டது. 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட ஒரு கல்லூரி அங்கு நடத்தப்பட்டதை அது தெரிவிக்கிறது. மாணவர்களுள் 270 பேர் இளநிலையிலும் 70 பேர் மேல்நிலையிலும் பயின்றனர். இளநிலையில் நான்கு வேதங்களும் இலக்கணமும், மேல்நிலையில் வியாகரணம், மீமாஞ்சை, வேதாந்தம் ஆகியனவும் கற்பிக்கப்பட்டன. இதன் செலவுக்கு 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது.

விழுப்புரம் - புதுச்சேரி சாலையிலுள்ள திரிபுவனையிலும் இத்தகைய கல்லூரி ஒன்று இருந்தது. 1048 ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டின்படி அங்கு 260 மாணவர்கள் பயின்றனர். 12 ஆசிரியர்கள் கற்பித்தனர்.

இக்கல்வெட்டுகளிலிருந்து மாணவர் எண்ணிக்கை, பாடங்கள், ஆசிரியர்க்கு அளிக்கப்பட்ட நெல், பொன் ஆகியவற்றை அறிய முடிகிறது. எனினும் இவை அந்தணர்க்குரிய வடமொழிக் கல்வியைப் பற்றியன. உழவர், கைவினைஞர், பெண்கள் ஆகியோர் பெற்ற கல்வியைப் பற்றி இவை எதையும் கூறவில்லை. ஒரு சான்று எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்தறிவது வரலாற்று மாணவருக்கு இன்றியமையாத பயிற்சியாகும். இவ்வகையான முறையியல் சிக்கல்களைத் தென்னிந்திய வரலாற்றுடன் தொடர்புபடுத்தி விளக்கும் நூல் ஒன்றையும் நீலகண்ட சாஸ்திரி 1941 இல் வெளியிட்டார்.

தென்னிந்திய வரலாறு

1955 ஆம் ஆண்டில் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட இவருடைய தென்னிந்திய வரலாறு, மாணவர்களிடையே மிகுதியும் பயன்படுத்தப்பட்ட நூலாகும். வரலாற்றுக்கு முற்பட்ட காலம் முதல் விசயநகரப் பேரரசின் வீழ்ச்சி வரையிலான செய்திகள் இதில் ஒரே நூலில் அடங்கியுள்ளன. இவர் தம் நூல்களைப் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதினார். எனவே தமிழ் வழியில் பயின்றவர்கள் மொழிபெயர்ப்புகளுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. தென்னிந்திய வரலாறு இலங்கையில் அரசு வெளியீடாகத் தமிழில் வந்தது. சோழர்கள் நூலும் பின்னாளில் தமிழாக்கம் செய்யப்பட்டது.

விமர்சனங்கள்

தென்னாட்டுப் பண்பாட்டில் வடமொழி மரபின் பங்கினை இவர் மிகைப்படுத்தினார் என்பது இவர்மீது வைக்கப்படும் முதன்மையான விமர்சனம் ஆகும். சங்க இலக்கியம் தொடர்பாக ச. வையாபுரிப் பிள்ளையின் கருத்துகளைப் பெரிதும் சார்ந்திருந்தார் என்றும் கூறப்படுகிறது.

சோழ அரசை வலிமையான நடுவண் ஆட்சியாக இவர் சித்திரித்ததை அமெரிக்க அறிஞர் பர்ட்டன் ஸ்டெய்ன் 1980 இல் வெளிவந்த தம் நூலில் மறுத்தார். ஊர்களும் நாடுகளும் பெரிதும் தன்னாட்சியுடன் இயங்கின என்பது ஸ்டெய்னின் கருத்தாகும். எ. சுப்பராயலு, ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா ஆகியோர் கல்வெட்டுகளிலுள்ள ஊர்ப்பெயர், ஆட்பெயர், வரிப்பெயர் முதலியவற்றைக் கணக்கிட்டு ஆராய்ந்தனர்; இவ்விரு கருத்துகளையும் சீர்தூக்கிப் பார்க்க அவை வழிவகுத்தன. இவ்வாய்வாளர்களும் நீலகண்ட சாஸ்திரியின் நூல்களையே தொடக்கப் புள்ளியாகக் கொண்டனர் என்பது குறிப்பிடத்தக்கது.

இன்றைய பயன்பாடு

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் இளங்கலை வரலாறு பயிலும் மாணவர்களுக்குச் சான்றுகள் அருகிலேயே உள்ளன. முதலாம் மகேந்திரவர்மன் அமைத்த மண்டகப்பட்டு, தளவானூர் குடைவரைகள், எண்ணாயிரத்தை அடுத்த பிரம்மதேசம் கோயில்கள், செஞ்சிக் கோட்டை, திண்டிவனத்திற்கு அருகிலுள்ள பெருமுக்கல் ஆகியன ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் அமைந்துள்ளன. அச்சான நூலில் படித்த முடிவுகளை அவற்றிற்கு அடிப்படையான கல்வெட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு இங்கு பயிலும் மாணவர்களுக்கு எளிதில் கிட்டுகிறது.